பெரிய கோயிலோடு திரும்பிடாதீங்க... திருவிடைமருதூர் பக்கம் காத்திருக்கும் கல்லும் கதையும்!

டெல்டா பக்கம் டூர் போறவங்களோட பிளான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம், நேரம் இருந்தா கங்கைகொண்ட சோழபுரம். மூணுமே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. பெரிய கோயில் 1987-ல சேர்ந்தது, மத்த ரெண்டும் 2004-ல. பட்டியல் அதோடு முடிஞ்சிடுது. ஆனா, சோழர்கள் கட்டினது அதோடு முடியலை.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை ரோட்டைப் பிடிங்க. முதல்ல வர்றது திருபுவனம். பட்டுப்புடவைக்காக இந்த ஊரைத் தெரிஞ்சவங்க அதிகம், கோயிலுக்கு வர்றவங்களும் சரபேஸ்வரரைக் கும்பிட்டுட்டுக் கிளம்பிடுறாங்க. கொஞ்சம் பின்னால தள்ளி நின்னு, நிமிர்ந்து விமானத்தைப் பாருங்க. நூறடிக்கு மேல உயரம். மூன்றாம் குலோத்துங்கன் (1178 - 1218) கட்டினது இது. வாசல் கோபுரத்தைவிட கருவறை விமானம் உயர்ந்து நிற்கிற பெரிய சோழர் கோயில் வரிசையில் இதுதான் கடைசி. இதுக்கப்புறம் வானத்தைத் தொடுற வேலையெல்லாம் கோபுரங்களுக்குப் போயிடுச்சு. குலோத்துங்கனுக்குப் பிறகு நூறு வருஷத்துக்குள்ள சோழ அரசே இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் திருவிடைமருதூர். மகாலிங்க சுவாமி கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு டிப்ஸ்: செருப்பை எங்கே விடுறீங்கன்னு யோசிச்சு விடுங்க. கிழக்கு வாசல் வழியா நுழைஞ்சவங்க அதே வழியா வெளியே வர மாட்டாங்க. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி அந்த வாசலிலேயே காத்துக்கிட்டு இருக்கு, அவன் வேற வாசல் வழியா போய்த் தப்பிச்சான்கிறது ஐதிகம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா, பெரிய பிராகாரத்தை வெறுங்காலோட முழுசா சுத்தி வர்ற வெயில் நேரத்தில் இந்தக் கதை நல்லாவே ஞாபகம் வரும்.

இந்தக் கோயிலில் நாடகசாலை ஒண்ணு இருந்திருக்கு. ஆதித்த கரிகாலன் காலத்துக் கல்வெட்டு சொல்லுது. ஆமா, 'பொன்னியின் செல்வன்' படத்தில் விக்ரம் நடிச்ச அதே ஆதித்த கரிகாலன்தான். பக்கத்து ஊரான திரைமூர்ச் சபையாரும், இந்த ஊர் வணிகர்களும், கோயில் அதிகாரிகளும் அந்த நாடகசாலையில் கூடி உட்கார்ந்து, ஆரியக்கூத்து ஆட ஒரு சாக்கைக் கூத்தருக்கு நிலம் ஒதுக்கினாங்க. கேரளாவில் இன்னிக்கும் சாக்கியார் கூத்து இருக்கில்லையா, அந்தச் சாக்கையர்தான். பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரு நடிகருக்கு ஊர் கூடிச் சம்பளம் பேசியிருக்கு. தைப்பூசம் இன்னிக்கும் இந்த ஊருக்குப் பெரிய திருவிழா. கூத்துதான் இல்லை.

அடுத்து, ஒரு பெண்ணைப் பார்க்கணும். கையில் விளக்கேந்தி நிற்கிற பாவை விளக்கு அவங்க. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து அம்முனு அம்மணி, மாமன் மகன் பிரதாபசிம்மனோட கல்யாணம் நடந்தா லட்ச தீபம் ஏத்துறேன்னு வேண்டிக்கிட்டாங்க. நடந்தது. ஏத்தின விளக்குகளோட, தன் உருவத்தையே ஒரு விளக்கா செஞ்சு 1853-ல வெச்சுட்டாங்க. சிலையின் பீடத்திலேயே இந்த விவரம் தமிழில் பொறிச்சிருக்கு. அடுத்த ரெண்டே வருஷத்தில் தஞ்சாவூர் ராஜா ஆண் வாரிசு இல்லாம இறந்து, ஆங்கிலேயர்கள் ராஜ்ஜியத்தை எடுத்துக்கிட்டாங்க. ராஜாக்கள் பேரெல்லாம் பரீட்சையோடு மறந்துபோச்சு. காதலை லைட் போட்டுச் சொன்ன பொண்ணு இன்னும் நிற்குது.

மராட்டியக் குடும்பத்துக்கு இந்தச் சின்ன ஊரில் என்ன வேலை? 1798-ல ஆங்கிலேயர்கள் அமர்சிங் மன்னரை இறக்கிட்டு சரபோஜியைத் தஞ்சை சிம்மாசனத்தில் உட்கார வெச்சாங்க. பென்ஷனோடு அமர்சிங் வந்து தங்கினது இங்கேதான். அதிகாரம் போனாலும் சங்கீதம் கூடவே வந்தது. கனம் கிருஷ்ணையர் இந்தச் சமஸ்தானத்து வித்வான். 'நந்தனார் சரித்திரம்' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி இந்துஸ்தானி சங்கீதம் கத்துக்கிட்டதும் இந்த ஊரில்தான். கோயிலைச் சுத்தி இருக்கிற வீதிகளில் நடக்கும்போது, திண்ணையும் மரத்தூணும் மிச்சமிருக்கிற பழைய வீடுகளைக் கவனிங்க. அடுத்த தடவை வரும்போது இருக்கும்னு சொல்ல முடியாது.

கல்லுக்கும் அதே கதிதான். திருப்பணின்னு சொல்லி மணலைப் பீய்ச்சி அடிச்சும், பெயின்ட் பூசியும் தமிழ்நாட்டில் எழுத்து தேய்ஞ்ச சுவர்கள் நிறைய. இந்த இடத்தில் திருக்கோடிக்காவலைச் சொல்லியே ஆகணும். இதே தாலுகாதான், காவிரியின் வடகரை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செம்பியன் மாதேவி அங்கிருந்த பழைய கோயிலைக் கற்றளியா மாத்தினாங்க. அப்போ, பழைய கல்வெட்டுகளைத் தூக்கிப் போடலை. ஒவ்வொண்ணா படிச்சு, புதுச் சுவரில் திரும்ப வெட்ட வெச்சாங்க. இது பழைய கல்லின் நகல்னு புரியற மாதிரி 'பழங்கற்படி'ன்னு குறிச்சும் வெச்சாங்க. ஃபார்வர்டு பண்ணும்போது சோர்ஸ் போடுற பழக்கம் அப்பவே இருந்திருக்கு!

கல்வெட்டு படிக்கத் தெரியலையேன்னு தயங்க வேண்டாம். செல்போன் டார்ச்சை நேரா அடிக்காம, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிங்க. நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க. முதலில் 'கோப்பரகேசரி' அல்லது 'கோவிராஜகேசரி'ன்னு தேடிப் பாருங்க. சோழ மன்னர்கள் மாறி மாறி வெச்சுக்கிட்ட பட்டங்கள் இவை. புள்ளி இருக்காது, அதனால 'க்'கும் 'க'வும் ஒண்ணா தெரியும். போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க, சந்நிதிகளில் அனுமதி கிடையாது.

மதியம் நடை சாத்திடுவாங்க. அதனால காலையிலேயே திருபுவனம், அப்படியே திருவிடைமருதூர். நடை சாத்தின நேரத்தில் சாப்பாட்டையும் வீதி உலாவையும் முடிச்சுட்டு, சாயங்காலம் திருக்கோடிக்காவல் போங்க. டார்ச்சுக்கு போனில் சார்ஜ் மிச்சம் வெச்சுக்கோங்க.