மலைக்கு அந்தப் பக்கமா, மதுரைக்கு அந்தப் பக்கமா?

உத்தமபாளையத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. இடையில் நெல்வயல், தென்னந்தோப்பு, பன்னீர் திராட்சைப் பந்தல். ஆனால் விடியற்காலையில் வண்டியெடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரக்கூடிய கடல் நமக்கு ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும்: ராமேஸ்வரமா, ஆலப்புழையா?

எங்கள் வீட்டில் அப்பத்தா எப்போதும் ராமேஸ்வரம் கட்சி. "தீர்த்தமாடாம கடலுக்குப் போயி என்னத்தடா பண்ணப் போறீக?" என்பார். பிள்ளைகளுக்குப் படகு வீட்டில் தூங்க வேண்டும். இஸ்லாமிய நண்பர்கள் வீட்டிலும் இதே இழுபறிதான். அங்கே பெரியவர்கள் ஏர்வாடி தர்காவைச் சொல்வார்கள், இளசுகள் கொச்சியைச் சொல்லும்.

கணக்குப் பார்த்தால் மேற்குக் கடல்தான் பக்கம். கம்பம், குமுளி, கோட்டயம் வழியாக ஆலப்புழை சுமார் 190 கிலோமீட்டர். தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் 280 கிலோமீட்டரை நெருங்கும். ஆனால் கிழக்கே சாலை கோடு போட்டதுபோல் ஓடும். மேற்கே குமுளி மலையில் ஏறி, பீர்மேடு, குட்டிக்கானம் கடந்து, முண்டக்கயத்து ரப்பர் தோட்டங்களுக்குள் இறங்கும்வரை வளைவுக்கு மேல் வளைவு. பின்சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் தூரத்தில் மிச்சமான நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

இரண்டு கடலுக்கும் நடுவில் இருப்பது நமக்குப் புதிதல்ல. பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாக தனுஷ்கோடி வரை போனது. ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிந்த சாலை நம் தேனிக்குள் நுழைந்துதான் போனது. எண்களை மாற்றிய பிறகு அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. தண்ணீரின் கதை அதைவிட ஆழமானது. பெரியாறு தன் போக்கில் போயிருந்தால் அரபிக்கடலில் கலந்திருக்கும். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் முடித்த அணை அதில் ஒரு பங்கை மடக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பியது. அந்தத் தண்ணீர் நம் வயல்களில் பாய்ந்து, வைகையில் சேர்ந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகிறது. மிஞ்சினால் ஆற்றங்கரை அருகே கிழக்குக் கடலில் கலக்கும். மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் எந்தக் கடலுக்குப் போவது என்று யோசிப்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

தெற்கு இத்தாலியிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் மேற்கே அமால்ஃபி கரையா, கிழக்கே பூல்யாவா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். அமால்ஃபி செங்குத்தான பாறையும் எலுமிச்சைத் தோட்டமும் வளைந்து நெளிந்த சாலையும் கொண்டது. பூல்யா சமவெளி, ஆலிவ் மரங்கள், வெயில். அமால்ஃபிக்குச் சற்றுத் தெற்கே, அதே சலேர்னோ வளைகுடாவில் கலக்கும் செலே ஆற்றின் ஊற்றுநீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பித்தான் வறண்ட பூல்யாவுக்குக் குடிநீர் கொடுத்தார்கள். 1906இல் வேலை தொடங்கியது. 1915இல் பாரி நகருக்குத் தண்ணீர் வந்தது. நம் அணை முடிந்து 20 ஆண்டுகள் கழித்து! இதைப் படித்த அன்று எனக்கு அந்த ஊர்க்காரர்கள் ஏதோ தூரத்து உறவு மாதிரி தோன்றினார்கள்.

சரி, எங்கே போவது? படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் பத்துப் பதினைந்து பயணங்களில் நான் கற்றது.

கோடை விடுமுறை என்றால் என் ஓட்டு மேற்குக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம், அந்தத் தடை வேண்டியதுதான். நாட்டுப்படகு மீன் கிடைக்கும். ஆனால் வகையும் குறைவு, விலையும் கூடுதல். கேரளத்தில் இழுவைப்படகுத் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. ஆக மே மாதத்தில் ஆலப்புழையில் கடல்மீனுக்குப் பஞ்சமில்லை. காயல் கரிமீன் தனிக்கணக்கு. அதை வாழையிலையில் பொதிந்து சுட்டுக் கொடுக்கும்போது நான் சைவக்காரர்களுக்காகப் பரிதாபப்படுவேன். மேற்கே போகிறவர்கள் மே இருபதுக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். அதன்பின் மழை நெருங்கிவிடும். எங்கோ தென்கடலில் எழுந்த அலைகள் முன்னறிவிப்பின்றிக் கரையேறும் 'கள்ளக்கடல்' என்று ஒன்றும் அந்தப் பருவத்தில் உண்டு. அரசு எச்சரிக்கை வந்திருந்தால் பிள்ளைகளின் காலைக்கூட நனைக்க விடாதீர்கள். ஜூன் பிறந்தால் நமக்கும் நேரமிருக்காது. அணையில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள், நாற்றங்கால் வேலை கூப்பிடும்.

அரையாண்டு விடுமுறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். கார்த்திகை, மார்கழியில் குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். கூட்டம் மிகும்போது கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். ஆலப்புழையில் படகு வீட்டு வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ராமேஸ்வரத்திலோ மழை ஓய்ந்து, வெயில் இதமாகி, கோயில் பிரகாரக் கல் கால் சுடாமல் இருக்கும். புயல் செய்தியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன ரயிலும் அதிலிருந்தவர்களும் திரும்பவே இல்லை.

அந்தத் தனுஷ்கோடிக்காகவே ஒருமுறையாவது கிழக்கே போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. சாலையின் இரு பக்கமும் கடல். வடபக்கத்தைப் பெண் கடல் என்றும் தென்பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். ஒன்று அசையாமல் கிடக்கும், மற்றது பொங்கிக்கொண்டிருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் குணம் மாறிவிடும். வடபக்கம் சீறும், தென்பக்கம் அடங்கும். முனையில் நீரோட்டம் கடுமையானது, அங்கே குளிக்கவே கூடாது. இடிந்த தேவாலயச் சுவரருகே நின்று, இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாம்பனில் 1914இல் கட்டிய பழைய பாலத்தின் பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் நிற்கிறது. 2025 ஏப்ரல் 6இல் திறந்தார்கள். பழையது கப்பலுக்கு வழிவிட இரு கையையும் தூக்குவதுபோல் திறந்தது. புதியதில் நடுப்பகுதி முழுவதும் லிஃப்ட் போல நேராக மேலே போகும். போடிக்கு 2023இல் ரயில் திரும்பி வந்துவிட்டதால், தேனியில் ஏறி மதுரையில் மாறி அந்தப் பாலத்தை ரயிலிலேயே கடக்கலாம். வயதானவர்களுக்குக் காரைவிட அது மேல்.

மேற்கே போனால் படகு வீட்டுக்குக் கொட்டும் பணத்தில் பாதியை மிச்சம் பிடியுங்கள். கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் போகிறது. பஸ் டிக்கெட் விலைதான், இரண்டரை மணி நேரப் பயணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். வழியில் குட்டநாடு. அங்கே வயல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, படகில் உட்கார்ந்தபடி நெற்பயிரைக் குனிந்து பார்க்க வேண்டும். நாம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மலையைக் குடைந்தோம். அவர்கள் வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்ற மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். என்னோடு வந்த என் மாமா, நாற்பது வருடம் நெல் போட்டவர், அந்த இரண்டரை மணி நேரமும் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது, "இம்புட்டுத் தண்ணியையும் வெளிய தள்ளிட்டு வெள்ளாம பண்றாய்ங்க" என்றார்.

இதையெல்லாம் தாண்டி மேற்குக் கடலுக்கு ஆதரவாக எனக்கு இன்னொரு காரணம் உண்டு. நம் ஊரில் மேற்கே போவது என்றால் கூலிக்குப் போவது. கிழக்கே போவது என்றால் சாமிக்குப் போவது. உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், கம்பம் என்று எங்கும் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறார்கள். பொழுது சாய இறங்குகிறார்கள். மலையுச்சி வரை ஆயுளெல்லாம் போய் வந்தவர்களில் எத்தனையோ பேர் அதன் மறுபக்கம் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அங்கிருந்து கடல் நான்கைந்து மணி நேரத் தூரம்தான்.

என் பெரியம்மா அப்படி இருபத்திரண்டு வருடம் வண்டன்மேட்டுப் பக்கம் காய் எடுக்கப் போனவர். முழங்கால் வலி வந்து நின்றுகொண்டார். போன மே மாதம் அவரை ஆலப்புழைக்குக் கூட்டிப்போனோம். குமுளியைத் தாண்டியதும் பேச்சு குறைந்துவிட்டது, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மாலையில் கடற்கரையில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றார். நம் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மறைவதை யாரும் பார்ப்பதில்லை. இங்கே அது தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது. முழுதும் மறையும்வரை கண் எடுக்காமல் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்நேரம் ஜீப்பு மேட்ட விட்டு எறங்கியிருக்கும்" என்றார்.