காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஏன் ஓடவில்லை?

கடைத் திறப்பு விழா என்றால் வாசலில் வாழை மரம், உள்ளே கணபதி ஹோமம், பக்கத்தில் பாட்டு. இது நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் எழுதாத சட்டம். முன்பு மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி கேசட்டைப் போடுவார். இன்று அதே இடத்தில் மடிக்கணினியும் பெரிய திரையும் வைத்து டி.ஜே. நிற்கிறார்.

அப்படி ஒரு மளிகைக் கடைத் திறப்பு விழாவுக்கு நாம் போயிருந்தோம். கடை உரிமையாளரின் மகன் தன் வங்கி அட்டையில் பணம் கட்டி, இணையத்தில் பத்துப் பன்னிரண்டு பாடல் வீடியோக்களை முறைப்படி வாங்கி வைத்திருந்தார். விழா நேரத்தில் டி.ஜே.யின் மென்பொருள் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, இது திருட்டு சி.டி. இல்லை. காசு கட்டி வாங்கினது" என்றார் உரிமையாளர். "அண்ணே, காசு கட்டி வாங்கினதால்தான் ஓடலை" என்றார் அந்தத் தம்பி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது முழு உண்மை.

பூட்டு எங்கே இருக்கிறது?

இணையத்தில் விற்கப்படும் பல வீடியோக்கள் பூட்டிய பெட்டி போன்றவை. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் கலைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஒழுங்குபடுத்தும் சாவி, விற்றவரின் சொந்த மென்பொருளிடமும் அவர் அனுமதித்த கருவிகளிடமும் மட்டுமே இருக்கும். டி.ஜே. மென்பொருளோ பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒன்றோடு ஒன்றைக் கலந்து போட வேண்டியது. அதற்குப் பூட்டில்லாத கோப்பு தேவை. விற்றவர் சாவியை அதற்குக் கொடுப்பதில்லை. கோப்பின் பெயரை மாற்றினாலும் புதிய கணினி வாங்கினாலும் பயனில்லை. குறை கணினியில் இல்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். 2003-இல் தொடங்கியபோது அங்கே விற்ற பாடல்களுக்கும் பூட்டு இருந்தது. 2009-இல் பாடல்களுக்கான பூட்டை எடுத்துவிட்டார்கள். வீடியோக்களுக்கான பூட்டை எடுக்கவில்லை. ஒரே கடையில் வாங்கிய பாட்டு டி.ஜே. மென்பொருளில் ஓடுவதும், அதே பாட்டின் வீடியோ ஓடாததும் இதனால்தான்.

சிலிண்டர் கணக்கு

அரிசி மூட்டை வாங்கினால் மூட்டை நமது. விற்கலாம், சமைக்கலாம், தானம் செய்யலாம். பாட்டு அப்படியல்ல. நமக்குப் புரியும் உதாரணம் எரிவாயு சிலிண்டர்தான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்கும் நாம் பணம் கட்டித்தான் வாங்குகிறோம். ஆனால் அதை டீக்கடை அடுப்பில் மாட்ட முடியாது. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். உள்ளே இருப்பது எரிவாயுதான், அனுமதிதான் வேறு. இணையத்தில் வாங்கும் பாட்டும் பெரும்பாலும் 'வீட்டு சிலிண்டர்'. தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல என்று விற்பனை நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். நாம் அதைப் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிவிடுகிறோம்.

உடைத்தால் என்ன?

பூட்டை உடைக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, சட்டம். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இரண்டு, நம் கல்லாப்பெட்டி. பில் போடுவதும் ஜி.எஸ்.டி. கணக்கு வைப்பதும் அதே கணினியில்தான். ஊர் பேர் தெரியாத மென்பொருளை அதில் ஏற்றி, உள்ளே வைரஸ் புகுந்தால் ஒரு பாட்டுக்காக ஓராண்டுக் கணக்கை இழக்க நேரும்.

பூட்டில்லாவிட்டாலும் அனுமதி வேண்டும்

பூட்டு இல்லாத கோப்பு கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். பொது இடத்தில் பாட்டுப் போடுவது தனி உரிமை. காவல் நிலையத்தில் வாங்கும் ஒலிபெருக்கி அனுமதி வேறு, பாட்டுக்கான அனுமதி வேறு. அந்தப் பாட்டுக்குள்ளும் இரண்டு உரிமைகள் உண்டு. பாடல் வரியும் இசையும் ஒன்று. இதற்குப் பதிவு பெற்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். ஒலிப்பதிவு மற்றொன்று. இதற்கு 2021-இல் பதிவு பெற்ற சங்கம் ஆர்.எம்.பி.எல்.

திருமணத்துக்குச் சட்டமே விலக்கு தருகிறது. 52-ஆம் பிரிவின்படி உண்மையான சமயச் சடங்கிலும், திருமண ஊர்வலத்திலும், திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது உரிமை மீறல் ஆகாது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. மண்டபம் வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் நாள் முழுவதும் ஒலிக்கும் பாட்டு இந்த விலக்கில் வராது.

யாராவது பணம் கேட்டு வந்தால்?

இதில் நீதிமன்றங்களே ஒரே கருத்தில் இல்லை. நோவெக்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் டி.எக்ஸ்.சி. டெக்னாலஜி, காக்னிசன்ட் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்குகளை 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாட்டுக்கு உரிமம் வழங்குவதைத் தொழிலாகச் செய்வதென்றால் பதிவு பெற்ற சங்கத்தின் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இதற்கு மாறாக, உரிமையை எழுதி வாங்கிய நிறுவனமும் உரிமம் தரலாம் என்றது. இதே பிரச்சினை 2025-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆகவே நோட்டீசோடு ஒருவர் கடைக்கு வந்தால் பயப்படவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். எந்தப் பாடல்கள், எந்த உரிமை, பதிவுச் சான்று எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். பதில் எழுதும் முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள், சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

விழாவுக்கு முன் செய்ய வேண்டியவை

* டி.ஜே.யிடம் முன்பணம் கொடுக்கும்போதே பாட்டும் அனுமதியும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

* வீடியோ வாங்குமுன் அதற்குப் பூட்டு உண்டா, வணிக உபயோகத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

* விழாவுக்கு இரண்டு நாள் முன்பே, ஓட்டப்போகும் அதே கணினியில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

* திரை கட்டாயமில்லை என்றால் பூட்டில்லாத ஒலிப் பாடலே போதும். இன்னும் எளிய வழி, நம் ஊர் நாதஸ்வரம் தவில் கலைஞர்களை அழைப்பது.

அந்தத் திறப்பு விழாவில் கடைசியில் வெறும் பாட்டுத்தான் ஒலித்தது, திரை இருட்டாகவே இருந்தது. வியாபாரம் என்னவோ நன்றாகவே நடந்தது. வீடியோவுக்குக் கட்டிய பணம்தான் நஷ்டம். சின்ன வெங்காயம் வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் நாம், பாட்டு வாங்கும்போதும் அப்படிப் பார்த்திருந்தால் அந்த நஷ்டமும் வந்திருக்காது.