கணினி விளையாட்டுக்கு வாத்தியார் தேவை

கணினி விளையாட்டு என்றதும் கார் ஓட்டுவதும் துப்பாக்கியால் சுடுவதும்தான் நம் நினைவுக்கு வரும். சின்னப் பிள்ளைகள் கணக்கும் எழுத்தும் படிப்பதற்கும் விளையாட்டு உருவாக்கலாம். டிப்ளமோ படிக்கும் நம்மால் முடியக்கூடிய வேலைதான். ஆனால் புரோகிராம் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. தொடக்கப்பள்ளி ஆசிரியரும் நம்மோடு உட்கார வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 45 என்று எழுதும். 2-இல் 7 போகாது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிடும். நாம் மட்டும் தனியாக விளையாட்டுச் செய்தால், 'தவறு' என்று சிவப்பில் காட்டி ஒரு சத்தம் கொடுப்போம். அதில் பிள்ளைக்கு என்ன புரியும்? பாடம் நடத்தும் டீச்சரைக் கேட்டுப் பாருங்க, "பத்து பத்தா புளியமுத்தைப் பையில் கட்டிக் காட்டுப்பா" என்பார். திரையில் 5 பை, 2 முத்து. ஒரு பையைத் தொட்டால் அது 10 முத்தாகப் பிரியும். இப்போது 4 பை, 12 முத்து. அதில் 1 பையும் 7 முத்தும் எடுத்தால் மிச்சம் 3 பை, 5 முத்து. விடை 35!

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கணக்கு தப்பினால் எந்த இடத்தில் தப்பு என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. "மறுபடி போட்டுப் பாருல" என்று மட்டும்தான் சொல்வார்கள். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுக்குக் கணினியும் 'மறுபடி போடு' என்றே சொன்னால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேத்யூ காம் என்பவர் 2004-இல் 'மில்லி' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நம் நாட்டுக் கிராமப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க செல்போன் விளையாட்டுகள் செய்வதே நோக்கம். மேல்நாட்டுப் பாணி விளையாட்டுகள் பிள்ளைகளிடம் ஒட்டவில்லை. பிறகு 28 கிராமத்து விளையாட்டுகளை ஆராய்ந்து, 2009-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நம்மிடமும் பல்லாங்குழியும் தாயமும் இருக்கிறதே!

விளையாட்டில் 'லெவல்' என்கிறோமே, அதுவும் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி மாதிரி ஓர் அட்டையை முடித்த பிறகே அடுத்த அட்டை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு.

ஆகவே முதலில் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கணும். அப்புறம் ஆசிரியரோடு சேர்ந்து அட்டையில் வெட்டி, பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்க்கணும். ஓடுகிற கடிகாரம் பயமுறுத்துகிறது என்று அவர் சொன்னால் எடுத்துவிடணும். கடைசியில்தான் புரோகிராம். அதற்கு 2007-இல் வெளிவந்த 'ஸ்க்ராட்ச்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நண்பர்களே, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி எங்கெங்கோ அலைய வேண்டாம். பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் போய் வாருங்கள். தலைப்பு அங்கேயே இருக்கிறது!