நிபுணர் சொல் மாறும்போது

2020 பிப்ரவரி தொடக்கத்தில், கொவிட்-19 பரவத் தொடங்கியபோது, சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் வீட்டுக்கு நான்கு முகக்கவசங்கள் வீதம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 1.3 மில்லியன் வீடுகளுக்கு 5.2 மில்லியன் கவசங்கள். கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: உடம்புக்கு முடியாதவர் மட்டும் அணிந்தால் போதும்.

ஏப்ரல் 3ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பேசியபோது அந்த அறிவுரை மாறியது. ஏப்ரல் 14 முதல் கவசம் கட்டாயமே ஆனது. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அணிய வேண்டியிருந்தது.

இரண்டே மாதத்தில் இப்படி நேரெதிராகப் பேசினால் நிபுணர்களை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான். ஆனால் காரணத்தைப் பிரதமர் மறைக்கவில்லை. அறிகுறியே இல்லாதவரும் கிருமியைப் பரப்பக்கூடும் என்பதற்கு அதற்குள் சான்று கிடைத்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது ஜூன் 5ஆம் தேதிதான். புதுச் சான்று வந்தபின்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பவரைவிட, ஏன் மாற்றினேன் என்று சொல்பவரே நம்பத் தக்கவர்.

காரணம் போய்ச்சேராத இடத்தில் பயம் முந்திக்கொள்கிறது. பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்ததும் பேரங்காடிகளில் அரிசியும் மீயும் கழிவறைத் தாளும் காலியாயின. வாட்ஸ்அப் வழியாகத் தமிழ் உட்பட நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அரசாங்கம் தகவல் அனுப்பியது அந்தக் காலத்தில் பெரிய உதவி. தாய்மொழியில் வரும் விளக்கம் முதியவர்களிடம் எளிதில் போய்ச்சேரும்.

2021இல் ஐவர்மெக்டின் பற்றிய பேச்சு கிளம்பியது. ஒட்டுண்ணிப் புழுத்தொற்றுக்கு மருத்துவர் எழுதித் தரவேண்டிய மாத்திரை அது. கொவிட்-19ஐத் தடுக்கும் என்று கைப்பேசிகளில் சுற்றியது. நண்பர்கள் பேச்சைக் கேட்டு அதைச் சாப்பிட்ட முதிய பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அது கிருமியை எதிர்க்கும் மருந்தல்ல என்று சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மாத்திரையைப் பரிந்துரைத்த செய்திகள் சிலவும் வெளிநாட்டு மருத்துவர்களின் பெயரைச் சொல்லித்தான் வந்தன. ஆக, மக்கள் நிபுணர்களை வெறுத்துவிடவில்லை. எந்த நிபுணர் என்பதில்தான் குழப்பம். அவர் துறை இதுதானா, அதே துறையினர் ஒப்புகிறார்களா, இதில் அவருக்கு வியாபாரம் உண்டா? மருத்துவம் படிக்காதவரும் இவற்றைக் கேட்கலாம்.

தேசிய நூலக வாரியம் 2013இலேயே தகவலை இப்படிச் சரிபார்ப்பதற்கென ஓர் இயக்கம் தொடங்கியது. மூலத்தைப் பார், புரிந்துகொள், தேடிச் சரிபார், எடைபோடு என்ற நான்கு படிகளை அது பழக்குகிறது. பள்ளிப் பிள்ளைகளைப் போலவே தாத்தா பாட்டிகளுக்கும் இது வேண்டும்.

குடும்பக் குழுவில் அடுத்த மருந்துச் செய்தி வரும்போது உடனே அனுப்பிவிடாதீர்கள். பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். அம்மா அப்பாவுக்கும் அதையே சொல்லிவையுங்கள்.