தாழ்ந்த வண்டியும் தகாத வில்லும்

நம் முன்னோர் ஏறிச் சென்ற வண்டிகளுள் வில்வண்டி என்பது ஒன்று. பாரவண்டியின் தட்டு அச்சின்மேல் நேரே அமர்ந்திருக்கும். ஆதலின் பள்ளத்திற் சக்கரம் விழுந்தால் அவ்வடி ஏறியிருப்போர் முதுகெலும்பிலேயே விழும். வில்வண்டியோ எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில்லின்மேல் அமர்ந்திருக்கும். அடியை வில் வாங்கிக்கொள்ளும். ஆயின் அவ்வில் நால்வர் ஏறுதற்கென்றே அமைந்தது. அதன்மேல் நெல்மூட்டைகளை அடுக்கினால் வில் முற்றும் படிந்து பயனற்றுப்போம். மூட்டைக்கென அமைந்த தடித்த வில்லை அதிற் பூட்டினாலோ, ஏறியவர் வில் ஒன்று இருப்பதாகவே உணரார். வில்லுக்கும் பாரத்திற்கும் உள்ள இவ்வுறவு மாட்டுவண்டியோடு ஒழிந்ததன்று. மோட்டார் வண்டியையும் அதுவே ஆள்கின்றது. இதனை மறந்தமையால் நேரவிருந்த ஒரு கேட்டினை முன்னிட்டு இவ்வியாசத்தை எழுதலானேன்.

என் தமையனார் மகன் ஜெர்மனி தேசத்திற் பொறியியல் பயில்கின்றான். அவன் சென்ற ஆண்டு பழைய வோல்க்ஸ்வாகன் கோல்ப் வண்டியொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கினான். அது 1983 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறு வண்டி. இவ்வகையை ஹாட்ச்பேக் என்பர். வண்டி தரையை ஒட்டித் தாழ்ந்து நிற்றலே அழகு என்பது அவ்வயதினர் பலருடைய கொள்கை. அதற்கெனப் புதிய உறுப்புக்களை வாங்கப் பொருளில்லை. 1991 இல் வெளிவந்த மூன்றாம் வகுப்புக் கோல்ப் ஒன்று, கனத்த எஞ்சின் பூண்டது, உடைக்கப்பட்டபொழுது அதினின்று கழற்றிய காயில் ஓவர் நான்கும் மலிவாகக் கிடைத்தன. இரு வகுப்புக்கும் பொருத்துமிடங்கள் பெரிதும் ஒத்திருத்தலால், இரண்டு நாள் உழைத்து அவற்றைத் தன் வண்டியில் மாட்டி, அதனை 6 சென்டிமீட்டர் தாழ்த்தினான்.

மூன்றாம் வாரத்தில், நன்கு உலர்ந்த சாலையில், சைக்கிள் ஏறிய சிறுவன் ஒருவன் குறுக்கே வந்தான். இவன் பிரேக்கை ஊன்றி மிதித்தான். வண்டி நின்றது; ஆனால் நேரே நிற்கவில்லை. அதன் பின்புறம் சுழன்று முன்னே வர, வண்டி குறுக்காகத் திரும்பி நடைபாதையின் விளிம்பில் மோதி நின்றது. சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே இருந்தது ஒரு முழம். "எல்லா உறுப்பும் சரியாகப் பொருந்தின, ஒரு போல்ட்டும் தளரவில்லை, பின் ஏன் சுழன்றது?" என்று அவன் எனக்கு எழுதினான். பொருந்துதல் வேறு, தகுதல் வேறு என்பதே யான் அவனுக்கு எழுதிய மறுமொழியின் சாரம். அதனை ஈண்டு விரித்துரைப்பேன்.

முதலாவது, காயில் ஓவர் என்பது யாது? கோல்ப் வண்டியின் முன்சக்கரங்கள் மாக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பெயரால் வழங்கும் முறையில் அமைந்தவை. 1950 இல் இங்கிலாந்துப் போர்டு கம்பெனியார் கான்சல் என்னும் வண்டியிற் கையாண்டது முதல் அம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. இதில் ஷாக் அப்சார்பர் என்னும் உருளையே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் நிற்கின்றது. சுருள்வில் அதனைச் சூழ்ந்து நிற்கின்றது. வில்லின் அடித்தட்டு சாதாரண வண்டியில் உருளையோடு பற்றவைக்கப்பட்டு அசையாதிருக்கும். காயில் ஓவரிலோ உருளையின் புறத்தே மரை வெட்டி, அடித்தட்டைத் திருகி ஏற்றவும் இறக்கவும் வைத்திருப்பர். தட்டை இறக்கினால் வில்லும், அதன்மேல் அமர்ந்த வண்டியும் இறங்கும்.

வண்டியைத் தாழ்த்துவதில் நன்மையே இல்லை என்பதன்று. பிரேக் பிடிக்குங்கால் பின்சக்கரங்களின் பாரம் முன்னும், வளைவில் உட்சக்கரங்களின் பாரம் வெளியும் பெயர்கின்றது. அங்ஙனம் பெயரும் அளவு வண்டியின் புவிமையம் தரையினின்று எவ்வளவு உயர்ந்துளது என்பதைப் பொறுத்தது. அது 50 சென்டிமீட்டர் உயரத்தில் உளதாகக் கொண்டால், 3 சென்டிமீட்டர் தாழ்த்துவதால் அப்பெயர்ச்சி 100க்கு 6 பங்கு குறையும். பந்தய வண்டிகள் தாழ்ந்திருத்தற்கு இது ஒரு காரணம். எனினும் இச்சிறு நன்மைக்கு விலையாகக் கொடுப்பவை பல.

முதல் விலை வில்லில் உளது. வில்லின் நீட்சியும் குறுக்கமும் அதன்மேல் உள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678 இல் வெளியிட்டார். வண்டியின் முன்மூலை ஒன்றில் வில் தாங்கும் பாரம் 200 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். 20 கிலோகிராமுக்கு 1 சென்டிமீட்டர் அமிழும் வில்லாயின் அது 10 சென்டிமீட்டர் அமிழும். 50 கிலோகிராமுக்கு 1 சென்டிமீட்டர் அமிழும் கடுவில்லாயின் 4 சென்டிமீட்டரே அமிழும். அமிழ்ந்த அளவைச் சென்டிமீட்டரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், வண்டி ஒரு விநாடியில் எத்தனை முறை மேலுங் கீழும் ஆடும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். முதல் வில்லில் அது ஒன்றரை முறை. இது வீதியில் ஓடும் வண்டிக்கு ஒத்தது. இரண்டாவதில் இரண்டரை முறை. இது சமமாக இழைத்த பந்தயச் சாலைக்கு உரியது. கரடான சாலையில் இவ்வில் பள்ளத்தை வாங்கிக்கொள்ளாது; வண்டியையே தூக்கி எறியும். டயர் தரையை விட்ட கணத்தில் அதற்குத் திருப்பும் வலியும் இல்லை, நிறுத்தும் வலியும் இல்லை.

கனத்த எஞ்சினைத் தாங்கிய வில் இலேசான வண்டியில் எவ்வாறு தாழ்வைத் தந்தது என்று வாசகர் வினவலாம். தானாகத் தரவில்லை, மாட்டியவுடன் வண்டி உயர்ந்தே நின்றதாம். ஆதலின் அவன் அடித்தட்டை மரையின் கடைசிவரை இறக்கினான். இதனால் மற்றொரு கேடு விளைந்தது. பள்ளத்தின்மேற் சக்கரம் தொங்கும்பொழுது தூண் முழுதும் நீள்கின்றது. வில்லோ அத்துணை நீளமில்லாமையால் தட்டினின்று தளர்கின்றது. தளர்ந்த வில் மீண்டும் தன் இடத்திற் செவ்வனே அமரும் என்பதற்கு உறுதியில்லை. செம்மையாகச் செய்யப்பட்ட தொகுதிகளில் இதனைத் தடுக்கவே மெல்லிய துணைவில் ஒன்றைச் சேர்ப்பர்.

இரண்டாவது, ஷாக் அப்சார்பர். வில் ஆட்டத்தைத் தொடங்கும். அதனை அடக்குவது இதுவே. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்ல, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. வில்லும் இதுவும் கணவனும் மனைவியும் போல ஒருவர்க்கொருவர் இசைந்து நடத்தல் வேண்டும். ஒரே பாரத்தின்கீழ் வில்லின் கடுமை இரண்டரை மடங்கானால் அடக்கும் வலியும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். பழைய உருளையில் எண்ணெய் கசிந்து வலி குன்றியிருப்பின், கடுவில்லும் தளர்ந்த உருளையுமாகச் சேர்ந்து, வண்டி பந்துபோல் துள்ளும்.

மூன்றாவது, இடம். தூணின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டை ஒன்று உண்டு. வில் மிகவும் அமிழ்ந்தால் எஃகோடு எஃகு மோதாமற் காப்பது அது. தூணைக் குறுக்காமல் வண்டியை மட்டும் 6 சென்டிமீட்டர் தாழ்த்தினால், அக்கட்டைக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். வளைவில் வண்டி சாயுங்கால் வெளிப்புறத் தூண் சட்டெனக் கட்டையில் முட்டும். முட்டிய கணத்தில் அம்மூலையின் கடுமை பன்மடங்காகி அந்த டயர் பிடி இழக்கும்.

நான்காவது, கோணங்கள். முன்சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் வெளிநோக்கிக் கிடையாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கவேண்டும். வண்டியை மிகத் தாழ்த்தினால் அதன் வெளிமுனை மேல்நோக்கி நிற்கும். அப்பொழுது வண்டி எப்புள்ளியைப் பற்றிச் சாய்கின்றதோ அப்புள்ளி, புவிமையம் இறங்கியதினும் அதிகமாக இறங்கிவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட நெம்புகோல் நீளுதலால், சாயும் விசை குறைவதற்குப் பதிலாக மிகும். அன்றியும் ஸ்டியரிங்கின் டை ராட் வேறு சாய்வில் நிற்பதால், மேடுபள்ளங்களிற் சக்கரங்கள் ஓட்டுவோன் திருப்பாமலே திரும்பும்.

இவையனைத்தும் பொதுவான கேடுகள். அன்று வண்டியைச் சுழற்றியது வேறொன்று. அவன் வண்டியின் பின்னச்சருகே பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஒன்று உண்டு. அது ஒரு சிறு வில்லால் பின்னச்சோடு இணைந்தது. பின்னிருக்கையில் ஆட்கள் ஏறினால் வண்டியுடல் அச்சை நெருங்கும், வால்வு அதனை உணர்ந்து, "பின்னே பாரம் உளது, பின்சக்கரம் நன்கு ஊன்றியிருக்கும்" என்று பின்பிரேக்குக்கு மிகுந்த அழுத்தம் விடும். வண்டி வெறுமையாயின் அழுத்தத்தைக் குறைக்கும். அறிவுள்ள ஏற்பாடு, ஆனால் அதன் அறிவு அவ்வளவே. வண்டி பாரத்தால் தாழ்ந்ததா, திருகித் தாழ்த்தப்பட்டதா என்பதை அது அறியாது. ஆட்கள் இல்லாத வண்டியை நிறைபாரமுற்ற வண்டியென நம்பி, பின்சக்கரங்களுக்கு மிகுந்த அழுத்தத்தை விட்டது. கடிதாகப் பிரேக் பிடித்தமையால் பாரம் முன்னே பெயர, பின்சக்கரங்கள் முதலிற் சுழற்சி நின்று வழுக்கின. அங்ஙனம் நடவாமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு அவ்வண்டியில் இல்லை. உருளாது வழுக்கும் சக்கரத்திற்குப் பக்கவாட்டிற் பிடிப்பில்லை. ஆதலின் பின்புறம் முன்னே வரத் துணிந்தது. தாழ்த்திய உயரத்திற்கேற்ப வால்வை மீண்டும் அளந்து அமைக்கவேண்டும் என்பதை அவன் கேள்வியுறவில்லை.

ஜெர்மனியின் வாகன விதிகளுள் 19 ஆம் பிரிவு, பிறர்க்கு அபாயம் விளைவிக்கக்கூடிய மாறுதலைச் செய்த வண்டி தன் ஓடும் அனுமதியை இழக்கும் என்று கூறுகின்றது. ஆதலின் அங்கு விற்கப்படும் முறையான காயில் ஓவர்கள் எவ்வகை வண்டிக்கு, அச்சொன்றுக்கு எவ்வளவு பாரம்வரை உரியன என்னும் சான்றிதழோடு வருகின்றன. மாட்டியபின் பரிசோதகர் நோக்கி ஒப்புதல் தருகின்றார். இளைஞர் பலர் இதனை வீண் தொல்லை என எண்ணுகின்றனர். அவ்வதிகாரி கேட்பதோ, அன்று வில்வண்டி செய்த தச்சன் கேட்ட அதே கேள்விதான்: "இவ்வில் எப்பாரத்திற்கு உரியது?"

ஆதலின் இவ்வேலையில் இறங்குவோர் சில முறைகளைக் கைக்கொள்க. தம் வண்டிக்கே உரிய தொகுதியை வாங்குக. பொருள் போதாதாயின் பொறுத்திருக்க. உடைத்த வண்டியின் உறுப்பாயின் வில்லின் கடுமை, உருளையின் எண்ணெய்க் கசிவு, மரையின் துரு ஆகியவற்றை முதலில் ஆராய்க. வில்லைக் கழற்றுங்கால் அதற்குரிய இறுக்கியை இருபுறமும் சமமாகப் பூட்டுக. 10 சென்டிமீட்டர் அமுக்கிய முதல் வில்லில் அடங்கிய ஆற்றல், 10 கிலோகிராம் கல் ஒரு மீட்டர் உயரத்தினின்று தலையில் விழுவதற்கு ஒப்பாகும். சுயமாக இறுகும் பழைய நட்டுகளை மீண்டும் இடாது புதியன இடுக. ரப்பர்ப் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்றபின்னரே இறுதியாக முடுக்குக. பின்னர்ச் சக்கரக் கோணங்களையும், விளக்கொளி விழும் உயரத்தையும், பிரேக் வால்வையும் அளந்து திருத்துக. 3 சென்டிமீட்டர் தாழ்வு போதுமாயின் 6 சென்டிமீட்டரை நாடற்க.

அவன் அக்காயில் ஓவர்களைக் கழற்றிவிட்டான். பழைய வில்களையே மீண்டும் மாட்டி, வால்வையும் பரிசோதகர் முன்னிலையில் அமைப்பித்தான். வண்டி இப்பொழுது உயர்ந்து நிற்கின்றது; தோழர் நகைக்கின்றனராம். அச்சிறுவனோ இன்றும் அவ்வழியே சைக்கிளிற் பள்ளிக்குச் செல்கின்றான் என்றும், காணுந்தோறும் தன் நெஞ்சு ஒருகணம் நின்று நடக்கின்றது என்றும் எழுதியிருக்கின்றான். சிக்கனம் நற்குணமே. ஆயினும் நாம் மிச்சம் பிடித்த பொருளின் விலையைச் சாலையிற் செல்லும் பிறனொருவன் கொடுக்க நேருமாயின், அது சிக்கனமாகாது. அவனிடம் கேளாமல் வாங்கிய கடனாகும்.