தேய்மானத்துக்கு மரியாதை!

பி.காம். படித்தவனுக்கு இரண்டு விஷயம்தான் உருப்படியாகத் தெரியும். ஒன்று, பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். இன்னொன்று, தேய்மானம். நாற்காலியோ, லாரியோ, வருஷத்துக்கு வருஷம் மதிப்பு குறைந்துகொண்டே வந்து கடைசியில் காயலான் கடைக்குப் போகும். பத்து மார்க் கேள்வி. நானும் எழுதிப் பாஸ் பண்ணியவன்தான்.

அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது, ஸார்! பழைய டைவிங் வாட்ச் சேர்க்கிறவர்கள். தேயத் தேயத்தான் மதிப்பு என்பது இவர்கள் சித்தாந்தம். அவர்கள் பேச்சைச் சரியாகக் கேட்காமல் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பழைய வாட்ச் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இவர்கள் கூடுவார்கள். ஒரு பேங்க் ஆபீஸர், ஒரு பல் டாக்டர், இரண்டு சாஃப்ட்வேர் இளைஞர்கள், ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். மேஜையில் துணி விரித்து வாட்சுகளை வரிசையாக வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டால் பெண் பார்க்கும் படலம் தோற்றது போங்கள்!

"முள்ளு வெள்ளையா இருக்கு, டயல் புள்ளி மஞ்சளா இருக்கே... பொருத்தம் இல்லியே!" என்பார் டாக்டர்.

"முள்ளு மாத்தியிருக்காங்க சார். இடம் வேண்டாம்" என்பார் பேங்க்காரர். அத்தோடு அந்த ஜாதகம் தள்ளுபடி.

இதில் தமாஷ் என்னவென்றால், இவர்களில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. வாத்தியார் மட்டும் மெரினாவில் கணுக்கால் வரை போயிருக்கிறாராம். ஆனால் 150 மீட்டர் ஆழம், 300 மீட்டர் ஆழம் என்று பேச ஆரம்பித்தால் திமிங்கலம் எழுந்து நின்று கேட்கும்!

"அப்படி என்னதான்யா இருக்கு இதில்?" என்று முதல் நாளே கேட்டேன். வாத்தியார் வகுப்பே எடுத்துவிட்டார்.

விஷயம் வாட்சைச் சுற்றியிருக்கும் அந்தத் திருகு வளையத்தில் இருக்கிறது. பெஸல் என்பார்கள். முதுகில் காற்று சிலிண்டரோடு கடலில் குதிக்கிறவனுக்கு மணி முக்கியமில்லை. குதித்து எத்தனை நிமிஷம் ஆச்சு என்பதுதான் முக்கியம். குதிக்கும்போது வளையத்தின் பூஜ்யத்தை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிஷக் காற்று காலி. பின்னால் வந்த வாட்சுகளில் இந்த வளையம் ஒரே பக்கம்தான் சுற்றும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதாவது, ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவான். தப்பு செய்தாலும் உயிர் காக்கிற தப்பாகச் செய்கிற மெஷின்! நம் ஆபீஸில் எத்தனை பேர் அப்படி?

இதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ப்ளாங்பேன் கம்பெனியை நடத்தியவர் ஜான் ஜாக் ஃபீக்டர். அவரே கடலில் முங்குகிறவர். ஒருமுறை தண்ணீருக்குள் நேரம் போனது தெரியாமல் காற்று தீர்ந்து, தப்பித்து மேலே வந்தார். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1953ல் வந்த 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'. ஒரு ஃபேதம் ஆறு அடி. ஐம்பது ஃபேதம் என்றால் முந்நூறு அடி. ஃப்ரெஞ்ச் கடற்படையின் முங்கு வீரர்கள் இதைக் கட்டிக்கொண்டார்கள். அதே சமயத்தில் உருவானது ரோலெக்ஸ் சப்மரீனர். 1954ல் பாஸல் கண்காட்சிக்கு வந்தது. 1962ல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி கையில் ஏறியதும், அதன் ஜாதகமே மாறிவிட்டது.

ஜப்பான்காரன் சும்மா இருப்பானா? 1965ல் ஸீக்கோ தன் முதல் டைவிங் வாட்சைக் கொண்டுவந்தது. 150 மீட்டர். 1970ல் வந்த 6105 மாடலை 'அபோகலிப்ஸ் நௌ' படத்தில் மார்ட்டின் ஷீன் கட்டியிருப்பார். 1976ல் அதன் வாரிசாக வந்தது 6309. தலையணை மாதிரி உப்பலான உடம்பு, நாலு மணிப் பக்கம் திருகுச் சாவி. 1988 வரை விற்ற இந்த மாடல் கப்பல்காரர்கள் கையில் ஊர் ஊராகச் சுற்றியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் இங்கேதான் நடக்கப் போகிறது.

வகுப்பு முடிந்ததும் ஒப்பிடும் வித்தையைக் காட்டினார்கள். ஒரே மாடல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருட்டில் ஒளிரும் பூச்சு முதல் சாட்சி. அந்தக் காலத்தில் ரேடியம் தடவினார்கள். 1960களில் ஆபத்து குறைந்த ட்ரிட்டியத்துக்கு ஸ்விஸ் கம்பெனிகள் மாறின. ட்ரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 வருஷத்தில் பாதியாகிவிடும். ஆகவே 1970ல் செய்த ஸ்விஸ் வாட்ச் இன்று ராத்திரியில் ட்யூப்லைட் மாதிரி எரிந்தால் சந்தேகப்படுங்கள். பழைய பூச்சு ஒளியை இழந்து, வெண்ணெய் உருக்கிய நிறத்துக்கு வந்திருக்கும். டயலில் அந்த நிறமென்றால் முள்ளிலும் அதே நிறம் வேண்டும்.

கறுப்பு வளையம் வெயிலிலும் உப்பிலும் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தால் நம் வீட்டில் 'சாயம் போச்சு' என்போம். அவர்கள் 'கோஸ்ட்' என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கறுப்பு டயல் காப்பிப்பொடி நிறமானால் 'ட்ராபிகல்'! பாலிஷ் போட்டு ஓரங்களை மழுக்கிவிட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

'பைத்தியம்' என்றுதான் நினைத்தேன். அப்போது பேங்க்காரர் ஒரு கணக்குச் சொன்னார். 1965ல் வந்த 'தண்டர்பால்' படத்தில், கடலடியில் அணுகுண்டு தேட ஜேம்ஸ்பாண்ட் கட்டியிருந்த ப்ரைட்லிங் வாட்ச், இங்கிலாந்தில் பழைய சாமான் சந்தையில் 25 பவுண்டுக்குப் போனது. 2013ல் லண்டன் ஏலத்தில் அதே வாட்ச் ஒரு லட்சத்து மூவாயிரம் பவுண்டைத் தாண்டியது. என் தேய்மானப் பாடத்துக்கு அன்றைக்கே பாதி உயிர் போய்விட்டது.

பணம் புழங்கும் இடத்தில் பித்தலாட்டமும் புழங்கும். பழைய வாட்ச் உடம்புக்குள் புது டயலை அச்சடித்துப் பொருத்தி, பளபளவென்று விற்கிறார்கள். வெளிநாட்டு ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. பாவ் பாஜி என்று நினைத்துவிடாதீர்கள்!

இத்தனையும் காதால் கேட்டவன்தான் நான். புத்தியில் ஏறியதா என்றால், ஏறவில்லை.

பெரியப்பா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. 1982 கடைசியில் சிங்கப்பூரில் இறங்கியபோது ஒரு ஸீக்கோ 6309 வாங்கினார். ஊர் திரும்பும்போது கையில் பெட்டி இருக்கிறதோ இல்லையோ, அந்த வாட்ச் இருக்கும். ஒருமுறை புயலில் கப்பல் ஆட, இரும்பு ஏணியிலிருந்து சறுக்கிவிட்டார். மணிக்கட்டு போய் ஏணியில் மோதியிருக்கிறது. "கை முறிஞ்சிருக்கணும்ல... வாட்சு வாங்கிக்கிட்டு" என்பார். வளையத்தின் விளிம்பில், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஆழமாக ஒரு வெட்டு. ரிட்டயர் ஆன பிறகு அதே வளையத்தைத் திருப்பி இட்லி வேகும் நேரம் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது கட்டை விரல் தானாகப் போய் அந்த வெட்டைத் தடவிக்கொண்டிருக்கும்.

எழுபத்தைந்தாவது பிறந்த நாள் வந்தது. வாட்ச் நின்றுபோய் இரண்டு வருஷம். "பெரியப்பா, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கி வந்து ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புதுசு மாதிரி ஆக்கிடுங்க!" என்று என் திருவாயால் சொன்னேன்.

ஏழாயிரம் ரூபாய். புது டயல், புது முள், புது வளையம், கண்ணாடி மாதிரி பாலிஷ். பெருமையாக அதை முதலில் மாடிக் கூட்டத்துக்குத்தான் எடுத்துப் போனேன். டாக்டர் லென்ஸை மாட்டினார். பின்பக்கம் திருப்பி சீரியல் நம்பரைப் பார்த்தார். ஸீக்கோவில் முதல் எண் வருஷம், இரண்டாவது எண் மாதம். "ரெண்டு... அஞ்சு. 1982 மே மாசம். பின்மூடி 1982, மத்ததெல்லாம் நேத்திக்கு" என்றார். அதற்கு மேல் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் எனக்கு ஒரு டம்ளர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். துக்க வீட்டில் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

'போங்கய்யா! சேர்க்கிறவனுக்குத்தானே பழசு வேண்டும். கட்டுகிறவனுக்குப் புதுசுதானே பிடிக்கும்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயில் ஏறினேன்.

பெரியப்பா வாட்சைக் கையில் வாங்கினார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கட்டிக்கொண்டார். கட்டை விரல் வளையத்தின் மேல் போனது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. எதையோ தேடுகிற மாதிரி.

"ஏல... இது யார் வாட்ச்சு?" என்றார்.

"உங்களுதுதான் பெரியப்பா."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்று சாயங்காலம் இட்லிக்கு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாளே வாட்சோடு சென்னை திரும்பி ரிப்பேர்காரர் முன்னால் நின்றேன். பழைய டயலையும் முள்ளையும் குப்பையில் போட்டுவிட்டாராம். வளையம்? "தெரியலையே தம்பி, பாருங்க" என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். சாவி, ஸ்பிரிங், முள், உடைந்த கண்ணாடி... அதற்கு நடுவில் ஏழெட்டு வளையங்கள். எல்லாமே சாம்பல் பூத்தவை. எதுவென்று கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியப்பா மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். நாலாவது வளையத்தில் நகம் மாட்டியது.

அதை அவர் திருப்பிப் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "புதுசாக்குனா காசு வாங்கலாம் தம்பி. பழசாக்குறதுக்கா வாங்குறது?"

ஆகவே வாசகரே, வீட்டில் பழைய வாட்ச் இருந்தால் சில வார்த்தைகள். 'சர்வீஸ்' என்று மட்டும் சொல்லுங்கள். 'புதுசு மாதிரி' என்று சொல்லாதீர்கள். டயலையும் உடம்பையும் தொடவேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றியே தீரவேண்டிய பாகம் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் என்று எழுதியிருக்கிறதே என்று கட்டிக்கொண்டு குளிக்கப் போகாதீர்கள். நாற்பது வருஷத்து ரப்பர் வளையம் உள்ளே இறுகிப்போயிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், யாருடைய வாட்சோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி தூத்துக்குடி. பெரியப்பா கட்டிக்கொண்டார். கட்டை விரல் போனது. நின்றது.

"ஆங்... இங்கன இருக்கு" என்றார். அப்புறம் கப்பல் கதை ஆரம்பித்துவிட்டார். இட்லி குழைந்துவிட்டது என்று பெரியம்மா சத்தம் போடுகிற வரைக்கும் ஓயவில்லை.

டயல் மட்டும் இன்னும் பளபளவென்று என்னை முறைக்கிறது. அது தேய்ந்து மரியாதைக்குரியதாக ஆக இன்னும் நாற்பது வருஷம் பிடிக்கும்.