மதுரையில் கிளாடியோலஸ்: நாள் பார்த்து நட்டால் பூக்கும்

கல்யாண மேடை அலங்காரத்தில் ஜெர்பராவுக்கும் ரோஜாவுக்கும் பின்னால், அடியிலிருந்து நுனி வரை வரிசையாகப் பூத்து நிமிர்ந்து நிற்கும் தண்டுதான் கிளாடியோலஸ். குங்குமப்பூவும் ஐரிஸும் இதே குடும்பம். இதில் 250க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. தமிழ்நாட்டில் கொடைக்கானல், நீலகிரி, ஓசூர் போன்ற இதமான இடங்களில் நன்றாக வருகிறது. மல்லி விளையும் மதுரையில் வருமா? வரும். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு பருவத்தில்தான்.

எப்போது நடுவது?

கிழங்கு நட்டு 70 முதல் 90 நாளில் பூ வரும். பங்குனிக்குப் பிறகு அடிக்கும் வெயிலில் மொட்டு விரியாமலே கருகிவிடும். ஐப்பசி அடைமழையில் நட்டால் கிழங்கு அழுகிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி கார்த்திகை. மழை தணிந்த நவம்பர் பிற்பாதியில் நட்டால், தை கடைசியிலும் மாசியிலும் பூ பார்க்கலாம்.

கிழங்கும் மண்ணும்

கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும், 4 செ.மீ.க்குக் குறையாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா கேசர், அர்கா அமர் போன்ற ரகங்களும் உண்டு.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கும். அங்கே மேட்டுப்பாத்தி கட்டாயம். மாடித்தோட்டத்தில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஓரடி ஆழமுள்ள பையில் நிரப்பலாம். பச்சைச் சாணம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து, கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து, 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடம் தேவை.

தண்ணீரும் பராமரிப்பும்

மூன்றாவது இலை வரும்போதே உள்ளே பூந்தண்டு உருவாகத் தொடங்கிவிடும். அப்போது செடி காய்ந்தால் மொட்டுகளின் எண்ணிக்கை குறையும். அந்த நேரத்திலும் ஆறாவது இலை வரும்போதும் கொஞ்சம் உரம் கொடுங்கள். உப்பு ஏறிய போர்த் தண்ணீர் இதற்கு ஆகாது. இலை நுனி கருகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். இலையில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டது என்று அர்த்தம். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். தண்டு சாயாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

பூ பறித்த பிறகு

அடியில் உள்ள ஓரிரு மொட்டுகளில் நிறம் தெரிந்ததும் தண்டை வெட்டலாம். மற்றவை ஜாடியில் விரியும். வெட்டிய தண்டைப் படுக்க வைக்காதீர்கள், நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். செடியில் குறைந்தது நான்கு இலைகளை விட்டுவையுங்கள். நட்ட கிழங்கு சுருங்கிப்போய், அதன் மேல் புதுக் கிழங்கு உருவாகும். அதை வளர்ப்பது அந்த இலைகள்தான்.

பூ முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் இலை மஞ்சளாகும். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் கிழங்கைத் தோண்டி, இரண்டு வாரம் நிழலில் உலர்த்துங்கள். தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது. மூன்று மாதக் குளிர்ச்சி கிடைத்தால்தான் உறக்கம் நன்றாகக் கலையும். காகிதப் பையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் ஐப்பசி வரை வைத்திருந்தால் போதும். அடியில் ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகளையும் எறிய வேண்டாம்; அவை பூக்க இரண்டு மூன்று பருவமாகும்.

இவ்வளவு வேலை முடியாது என்றால்?

இதே குடும்பத்தில் பெலம்காண்டா இருக்கிறது. ஆரஞ்சுப் பூவில் செம்புள்ளிகள் இருக்கும். ஒரு பூ ஒரே நாள்தான் நிற்கும், ஆனால் மொட்டுகள் மாறி மாறி விரியும். தாவரவியலார் 2005இல் இதை ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நல்ல வெயிலைத் தாங்கும். தண்ணீர் தேங்காத இடத்தில் ஒருமுறை நட்டால், தோண்டாமலே ஆண்டுதோறும் பூக்கும். கிளாடியோலஸின் தோண்டும் வேலைக்கும் சேமிக்கும் வேலைக்கும் நேரமில்லாதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.